கீழ் லைனுக்குள் போன பேண்டு

கண்ணு,

உன் அம்மா பேசுகிறேன். எழுதுவது உன் தங்கை. எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் நம் பேச்சில் சொல்லச் சொல்ல அவள் அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கி எழுதுகிறாள். படிக்கும்போது யாரோ டீச்சரம்மா பேசுவது போல இருந்தால் சிரிக்காதே. இது காபிப் பழம் பறிக்கிற மாசம். உன் அப்பா களத்துக் காவலுக்குப் போயிருக்கிறார். காயப்போட்ட கொட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டு விடிந்துதான் வருவார். அதனால்தான் இன்றைக்கு. விளக்கை அடுப்புக்குப் பின்னால் வைத்து, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். உனக்கு எழுதியது தெரிந்தால் இவள் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அப்பா முன்பே சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்கிறவர். இவள் பயந்துகொண்டேதான் எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சவேரி தொரை படுத்துவிட்டார். மழை ஓய்ந்த கையோடு ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். தொரைக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது. அவர் ஊரில் ஒரு ஆளை மண்ணுக்குக் கொண்டுபோகும்போது முன்னால் பேண்டு போகுமாம். அப்படி இல்லாமல் போகிறவன் திருடனோ கடல் விழுங்கியவனோதான் என்றார். இங்கே பேண்டு ஏது? அவரிடம் வாசித்த பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டார்கள். கார்னெட் என்கிற அந்தப் பித்தளைக் குழல் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் எழுதிய அம்மன் பாட்டு, பார்க்காமல் ஊதுகிற அளவுக்கு உனக்கு மட்டும்தான் தெரியும். நீ வந்து அதை ஊதுவாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நீ வந்தால் உனக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

நீ அவரை முன்னாலிருந்து பார்த்தவன். பாட்டுச் சொல்லிக்கொடுத்த தொரை, தப்பாக ஊதினால் பென்சிலால் மண்டையில் தட்டுகிற தொரை. நான் அவரைப் பின்னாலிருந்து பார்த்தவள். பள்ளிக்கூடத்து மாதாகோயிலில் அந்தப் பெரிய ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் மரப்பிடி போட்ட ஒரு துருத்தி இருந்தது, கொல்லன் பட்டறையில் இருப்பது மாதிரி. அதை யாராவது மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் முன்னால் சத்தம் வரும். எஸ்டேட் வேலை முடிந்து சாயங்காலம் போய் அதை இழுப்பது என் வேலை. நீ அப்போது சின்னப் பிள்ளை, அந்த இருட்டில் என் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அங்கேயிருந்து அவர் முகம் எனக்குத் தெரியாது, முதுகும் தெரியாது. "காத்துங்க அம்மா, காத்து போடுங்க" என்கிற குரல் மட்டும்தான். அவர் புதிதாகப் பாட்டுக் கட்டும்போது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். சந்தோஷமான பாட்டு என்றால் எல்லாக் குழாயும் சேர்ந்து கத்தும், காற்றைக் குடித்துத் தள்ளும், எனக்குத் தோள் விட்டுப் போகும். துக்கப் பாட்டுக்கு ஒன்றிரண்டு குழாய்தான், கை வலிக்காது. அதனால் அவர் மனசு நன்றாக இல்லாத நாட்களில் எனக்கு வேலை சுலபம். இதை ஒரு நாள் அவரிடமே சொன்னேன். "அப்ப உங்களுக்காக நான் அழுதுட்டே இருக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அவர் ஊரைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் நீயும் கேட்டிருப்பாய், ஆனால் பிள்ளைகள் மறந்துவிடும். மால்டா என்று பேர். கடலுக்கு நடுவில் ஒரு தீவு, விடிகாலையில் ஒரு பக்கம் நடக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்போது அந்தப் பக்கம் போய்விடலாம். ஆறு கிடையாது, மலை கிடையாது, எல்லா வீடும் மஞ்சள் கல்லில் கட்டியது. ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு புனிதர், புனிதருக்கு ஒரு நோம்பித் திருவிழா. நோம்பிக்கு ஒவ்வொரு வருசமும் புதுப் பாட்டு வேண்டும், நடந்துகொண்டே வாசிக்கிற பாட்டு. அவர் அப்பா முடி வெட்டுகிறவர், ஊர் பேண்டிலும் வாசித்தவர். இவர் மீசை முளைக்கும் முன்பே தன் ஊர்ப் புனிதருக்குப் பாட்டு எழுதினாராம். அங்கே அது பெரிய விஷயம் இல்லையாம். "எங்க ஊர்ல கல்லை எடுத்து வீசினா பாட்டு எழுதறவன் மண்டையிலதானுங்க விழும்" என்பார். வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பேண்டில் சேர்ந்து கப்பலேறி வந்தவர், நெஞ்சில் சளி கட்டி இந்த மலைக்கு அனுப்பப்பட்டு, பட்டாளம் கப்பலேறிப் போன பிறகும் இங்கேயே நின்றுவிட்டார். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க நான் நூத்துல ஒருத்தன். இங்க நான் ஒருத்தன்தானுங்க" என்றார். அது பெருமையா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை.

அவரை இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் மட்டும் கோபம் வரும். "இங்கிலீஷ்காரங்க உங்களை விட்டுட்டாங்க. எங்களை இன்னும் விடலைங்க. நானும் உங்க மாதிரிதான்" என்பார். நம் ஆட்களுக்கு அது ஏறவே இல்லை. வெள்ளைத் தோல், தொப்பி, அப்புறம் தொரை இல்லாமல் என்ன? அவர் பேசுகிற தமிழ் என்னிடமும் உங்களிடமும் கற்ற தமிழ். நாம் பெரியவர்களிடம் சேர்க்கிற 'ங்க'வை அவர் எல்லாவற்றுக்கும் சேர்ப்பார். கடைவீதியில் ஒரு நாய் துரத்தியபோது "போங்க, போங்க" என்று அதைக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்ததை நீ வீட்டில் நடித்துக் காட்டி, உன் அப்பா சோற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது. உன் தங்கைக்கு அது ஞாபகமே இல்லை என்கிறாள்.

உன்னை அவர் பிடித்துக்கொண்டதும் அந்த இருட்டில்தான். ஒரு நாள் ஆர்கனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, நீ துருத்தியின் ஏற்ற இறக்கத்துக்குச் சரியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். பிறகு உன்னை வெளியே கூட்டிப்போய், ஒரு காபி இலையைச் சுவரில் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஊதியே அதைக் கீழே விழாமல் நிறுத்தச் சொன்னார். நீ வீட்டிலும் சுவர் சுவராக இலையை ஊதிக்கொண்டு திரிந்தாய். "பையனுக்குப் பேய் புடிச்சிருச்சா?" என்று பக்கத்து ஊட்டுக்காரி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிற பணக்காரப் பிள்ளைகள் வேண்டாம் என்று போட்ட பித்தளைக் குழல்களைத் தேய்த்து எடுத்து, எஸ்டேட் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து அவர் ஒரு பேண்டு கட்டினார். மேல் லைன் வீடுகளிலிருந்து நம் பிள்ளைகளும் இருந்தார்கள், நாம் தண்ணீர் வாங்கிக் குடிக்காத கீழ் லைன் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நடந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த மலையிலிருந்து ஒரு பேர் வைத்தார். வெள்ளக்கடைப் பாட்டு என்று ஒன்று, கரடியூர்ப் பாட்டு என்று ஒன்று. கரடியூர்ப் பாட்டில் டமடமவென்று பெரிய சத்தம் வரும் இடத்தில் கரடி வருகிறது என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். வாசிப்பு தப்பினால் "அல்லா" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார். அவர் பாஷையில் சாமிக்கு அதுதான் பேராம். டீக்கடை பாய், இவர் நம் ஆள்தான், எதற்கோ பயந்து கோயிலுக்குப் போகிறார் என்று முடிவு செய்து அவருக்கு எப்போதும் ஒரு கை சர்க்கரை கூடப் போட்டார்.

இனி அந்த நோம்பியைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ முன்னால் இருந்தாய், நான் பின்னால் பெண்களோடு வந்தேன், நான் பார்த்தது வேறு. சித்திரையில் மாரியம்மன் நோம்பி. சாமி ஊர்வலம் கிளம்ப வேண்டிய அன்று காலையில் கோடை மழைக்கு மலை ரோட்டில் மரம் விழுந்து சேலத்து பஸ் நின்றுவிட்டது. மேளக்காரர்கள் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். மேளம் இல்லாமல் நம் சாமி நகராது. மேளம் முன்னே, சாமி பின்னே, மேளம் போகிற வழிதான் சாமி போகிற வழி. பூசாரிகூட மேளத்தைத் தாண்டி நடக்கக்கூடாது. தூக்குகிறவர்கள் வழியைப் பார்ப்பதில்லை, காது போகிற பக்கம் கால் போகும். மேஸ்திரி ஓடி வந்து தொரையிடம் நின்றார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஏனுங்க தொரை, மேளக்காரங்க வர முடியலீங்க. உங்க பசங்களை வுட்டு நாலு தட்டுத் தட்டச் சொன்னீங்கன்னா சாமி கெளம்பிருமுங்க."

"தட்டறதுங்களா? மேஸ்திரி, உங்க அம்மனுக்கு நான் பாட்டே எழுதி வெச்சிருக்கேனுங்க."

"எங்க அம்மனுக்கு எதுக்குங்க பாட்டு?"

"எங்க ஊர்ல பாட்டு இல்லாத சாமியே கெடையாதுங்க. பாவம், உங்க அம்மன் மட்டும்தான் சும்மா நடக்கறாங்க."

மேஸ்திரி சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு அவர் சிரித்தார் என்பதைப் பிறகு யாரும் நம்பவில்லை. தொரை என் பக்கம் திரும்பி, எஸ்டேட்டில் மொத்தம் எத்தனை லைன் என்று கேட்டார். மேல் லைன், கீழ் லைன், அதற்கு நடுவில் பழம் அரைக்கிற கொட்டகை என்றேன். அவர் ஊரில் பேண்டு ஒரு தெருவை விட்டுவிட்டுப் போனால் அந்தத் தெருக்காரர்கள் தலைமுறைக்கும் பேச மாட்டார்களாம். சாமியோடு பேண்டு எல்லா வீட்டு வாசலிலும் நின்று வாசித்துவிட்டுத்தான் போகும். அதுதான் அவருக்குத் தெரிந்த நோம்பி. கீழ் லைனுக்கு நம் அம்மன் ஒரு நாளும் போனதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. காபிச் செடி பச்சை என்று யாராவது யாரிடமாவது சொல்வார்களா?

பெரிய டிரம் அடிக்கிற பையனுக்குக் காய்ச்சல். அதனால் தொரையே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பேண்டின் கடைசியில் வந்தார். முன்னால் கார்னெட்டோடு நீ. சாமியைத் தூக்கியவர்களில் முன் கொம்பில் உன் அப்பா. அந்தப் பாட்டு கிளம்பியது. நான் அதைத் துருத்தி இழுத்து இழுத்துக் கேட்டிருக்கிறேன், ஆனால் வெளியே, வெயிலில், நடந்துகொண்டு கேட்டதில்லை. எனக்குத் தோள் வலிக்கிற பாட்டுகளில் அதுதான் பெரியது. மேல் லைன் முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனோம். கிழவர்கள்கூட ஆடினார்கள். பழம் அரைக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் வழி பிரிகிற இடம் வந்தது. இடது பக்கம் திரும்பினால் கோயில். நீ வலது பக்கம் இறங்கினாய். பேண்டு இறங்கியது. சாமியும் இறங்கியது.

பெண்கள் அப்படியே நின்றுவிட்டோம். யாரோ "அய்யோ, அங்க எங்க போறாங்க" என்றாள். நான் மட்டும் இறங்கினேன், நீ அங்கே இருந்ததால். கீழ் லைனில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பண்டிகைக் கும்பல் கீழே வருகிறது என்றால் அவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், அடிக்க வருகிறார்கள். சாத்திய கதவுகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்று நீங்கள் வாசித்தீர்கள். தொரை பின்னாலிருந்து எதையும் பார்க்காமல் சந்தோஷமாக டிரம் அடித்தார். கடைசி வீட்டில் கதவு கொஞ்சம் திறந்தது. காளியம்மா என்று பழம் பறிக்க வருவாளே, அவள்தான். சாமியைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்து, தூக்கி வந்தவர்களின் காலில் ஊற்றினாள். நாம் நம் வாசலில் செய்கிற அதே மாதிரி. முதலில் உன் அப்பா காலில். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை, கண்ணு. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். அன்று இரவு என்னிடம், "கால் தானாப் போச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. உன்மேல் அவருக்கு இருக்கிற கோபம் நீ இறங்கியதற்கு என்று ஊர் நினைக்கிறது. தான் நின்றதற்கு என்று நான் நினைக்கிறேன். அந்தக் கோபம் தீராது. அதனால் அவர் மனசு மாறும் என்று உனக்கு நான் நம்பிக்கை சொல்ல மாட்டேன்.

அன்று ராத்திரி கீழ் லைனில் மூன்று கூரை எரிந்தது. யார் வைத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. காலையில் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. தொரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பையன் மேல தப்பில்லைங்க. எல்லா ஊட்டுக்கும் போகணும்னு நான்தான் சொன்னேன். அவனுக்குத் தெரியாதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நீ தப்பித்திருப்பாய். மேஸ்திரியும் அதைத்தான் எதிர்பார்த்தார், முடித்துவிட்டு அபிஷேகம் செய்து சாமியைச் சுத்தம் பண்ணப் பார்த்தார். "ஏண்டா, உனக்குத் தெரியாதுதான?" என்று உன்னைக் கேட்டார். தலையை ஆட்டினால் போதும் என்கிற மாதிரிதான் கேட்டார்.

நீ, "தொரைக்குத்தானுங்க தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாய்.

"தெரிஞ்சு எதுக்குடா எறங்கின?"

"அவங்க பசங்களும் என்கூட ஊதிட்டு வந்தாங்க. அவங்க ஊட்டுக்கு மட்டும் எப்படிங்க போகாம இருக்கறது?"

உன்னை அடித்தார்கள். உன் அப்பா எழுந்து நின்றபோது தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இவன் என் பையன் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். நீ மறுநாள் பொழுது விடியும் முன் அந்தக் குழலைத் துண்டில் சுற்றிக்கொண்டு மலை இறங்கிப் போனாய்.

தொரையையும் விடவில்லை. விக்கிரகத்துக்கு முன்னால் டிரம் அடித்துக்கொண்டு போனவன் எங்கள் கோயிலில் எப்படி வாசிப்பான் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். இந்தப் பக்கம் சாமியைத் தீட்டாக்கியவர், அந்தப் பக்கம் சாமியைக் கும்பிட்டவர். வேலை போனது. கொட்டகையைப் பூட்டினார்கள். கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, லாட்ஜ்காரர் வீட்டுப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றினார். வாசிக்கப் பெட்டி இல்லை. மேசை மேல் விரலை ஓட்டிக்கொண்டே எழுதுவார். சந்தைக்குப் போகிற சாக்கில் நான் போவேன். துணி துவைத்துக் கொடுத்து, அறையைக் கூட்டிவிட்டு வருவேன். "யாரும் வாசிக்காததை எதுக்குங்க எழுதறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "பழக்கமுங்க. எங்க ஊர்ல மீன் புடிக்கறவன் வலை கிழிஞ்சாலும் விடியக்காலையில எந்திரிச்சுருவான்" என்றார். ஒவ்வொரு தடவையும் கேட்பார், "பையன் ஊதறானுங்களா?" ஊதுகிறான் என்பேன். நீ அவருக்கு ஒரு கார்டு போட்டு, பெங்களூரில் பட்டாளத்துப் பேண்டில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதிய அன்று, அதைப் படித்துக் காட்டிவிட்டு அறைக்குள்ளேயே நடைபோட்டார். அந்தக் கார்டைத்தான் என்னிடம் கொடுத்தார். உன் விலாசம் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

உனக்குப் புத்தி சொல்லும் வயசு எனக்கு வந்துவிட்டது. ஆனால் என்ன சொல்வது? நல்லதைச் செய், நல்லது நடக்கும் என்று அம்மாமார்கள் சொல்வார்கள். நடக்கவில்லை. அடுத்த வருசம் மேளக்காரர்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். வழி பிரிகிற இடத்தில் நான்கு பேர் தடியோடு நின்றார்கள். சாமி இடது பக்கமே திரும்பியது. இன்றைக்கும் அப்படித்தான். காளியம்மாவின் வீட்டுக் கூரையும் எரிந்த மூன்றில் ஒன்று. அவள் மகளோடு மலை இறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டாள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு வாசலில் ஒரு குடம் தண்ணீர். அதற்கு அவளுக்கு வீடு போனது, தொரைக்கு வேலை போனது, எனக்கு நீ போனாய். இது சரியான கணக்கா என்று ராத்திரி எல்லாம் யோசித்திருக்கிறேன். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ கூட்டத்தில் தலையை ஆட்டிவிட்டு இங்கே என்னோடு இருந்திருந்தால், உன் முகத்தைப் பார்த்து நான் சோறு போட்டிருப்பேனா என்றும் யோசித்தேன். போட்டிருப்பேன், கண்ணு. சந்தோஷமாகப் போட்டிருப்பேன். அதுதான் உண்மை. உன் அம்மா அவ்வளவுதான். அதனால் என்னிடம் புத்தி கேட்காதே. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவன் ஊர் முன்னால் நின்று உண்மையைச் சொன்னால், உன் அப்பா செய்ததை நீ செய்யாதே. அது ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

போன சந்தைக்கு அவரைப் பார்க்கப் போனேன். கீழ் லைன்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார், பாதி வெளியே வழிந்தது. என்னைக் கண்டதும் இடது கையை அசைத்தார். பேச்சு குழறுகிறது, ஆனால் எனக்குப் புரியும். "ஒரு கார்னெட் போதுங்க, அம்மா. பெரிய பேண்டு வேண்டாம்" என்றார். அப்புறம், "அவன் வந்தா அடிப்பாங்களா?" என்று கேட்டார். அடிப்பார்கள் என்றேன். "அப்ப வேண்டாமுங்க" என்றார். வெளியே வந்து பத்தடி நடந்திருப்பேன், உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அந்தப் பாட்டுதான். வாய் கோணியதால் பாதிதான் வந்தது.

அதனால் கேட்கிறேன். வா. வீட்டுக்கு வராதே, எஸ்டேட் பக்கமே வராதே. சேலத்திலிருந்து பஸ் ஏறிக் கடைவீதியில் இறங்கு, நேரே அவர் அறைக்குப் போ. அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தால் நல்லது, காதால் கேட்டுவிட்டுப் போகட்டும். அப்படி இல்லாவிட்டால் கல்லறைக்கு ஊதிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிடு. நான் பக்கத்தில் வரமாட்டேன். விறகுக் கட்டோடு ரோட்டோரம் நிற்பேன். நீ என்னைப் பார்க்காத மாதிரியே போய்விடு. மொட்டைக் கடிதம் மாதிரி பேர் போடாமல் ஒரு வரி, வருகிறேன் என்றோ இல்லை என்றோ, தங்கையின் பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போடு. வரமாட்டாய் என்றே என் மனசு சொல்கிறது. லீவு கிடைக்காது, பயம் இருக்கும், அவர்மேல் உனக்கே கோபம் இருக்கலாம். வராவிட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் சீக்கிரம் வா.

அம்மா.

அண்ணா, இனிமேல் இருப்பது அம்மா சொல்லாதது. நானாக எழுதுகிறேன்.

சவேரி தொரை நேற்று இரவே போய்விட்டார். இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் பார்த்தேன். கீழ் லைன்காரர்கள் நான்கு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் தப்பு மேளம் கொண்டுவந்திருந்தார். பங்குச் சாமியார் அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார், அவர் வெளியே சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு சத்தமும் இல்லை. மண் விழுகிற சத்தம் மட்டும். நம் லைனிலிருந்து யாரும் வரவில்லை. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் மரத்துக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போனால் யாராவது பார்த்து அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாட்டு எனக்கும் தெரியும், அம்மா அடுப்படியில் முனகுவாள். வாய்க்குள்ளாவது பாடியிருக்கலாம். பயத்தில் அதுகூட வரவில்லை.

அம்மா இன்று பூராவும் மேற்குச் சரிவில் பழம் பறித்தாள், அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அதற்குள் சாக்கை எடுத்துச் சன்னலில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று பறித்துக்கொண்டே யோசித்து வைத்திருந்தாளாம். சொல்லச் சொல்ல எழுதினேன். நிறுத்த முடியவில்லை. "ஒரு கார்னெட் போதுங்க" என்கிற இடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அவள் அழுதுகொண்டே சிரித்தாள், விட்டுவிட்டேன். நாளை மத்தியானத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். அவள் சொன்னது உனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கிழிக்காமல் காலையில் தபாலில் போடுகிறேன். நீ வராதே. வந்து கேட்க யாரும் இல்லை. இங்கே இருக்கிறவர்கள் அடிக்க மட்டும்தான் இருக்கிறார்கள்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. "முடிஞ்சுதுன்னியே, இன்னும் என்ன கண்ணு எழுதற?" என்று கேட்கிறாள்.

அட்ரஸ் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.